பொதுத் தொலைநோக்கியும் நம் விண்ணப்பமும்



விழாக் குழுவினர் நம்மைக் 'கல்வியும் முன்னேற்றமும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்தனர். 25 ஆண்டுகளாக இம்மேடையில் அப்பொருள் பற்றியே பேச்சு நடந்து வருகிறது. படிக்க வேண்டும் என்று இனி உங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சேரியில் பிறந்த பிள்ளை பட்டம் பெறுவது புதுமையாக இருந்த காலம் போயிற்று. முதுகலை முடித்தோரும் ஆராய்ச்சிப் பட்டத்திற்கு உழைப்போரும் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, படித்து மேலே சென்றபின் அவர்கள் எதிர்கொள்ளும் ஒரு வாயிலைப் பற்றிப் பேசலாம் என்று துணிந்தோம். நாட்டின் பொதுப் பணத்தில் அமைந்த மாபெரும் அறிவியற் கருவிகளை யார் பயன்படுத்துவது, அதனை யார் தீர்மானிக்கின்றனர், எவ்வாறு தீர்மானிக்கின்றனர் என்பதே இன்றைய பேச்சு. பொருள் வறண்டதென்று எண்ணி எழுந்துவிடாதீர்கள். நம்மோடு நெருங்கிய உறவுடைய பொருள்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்வோர்க்கு ஒன்று தெரியும். சிறு பட்டறைக்காரர் எல்லா இயந்திரத்தையும் தாமே வாங்கி வைத்துக்கொள்ள இயலாது. பெரிய இயந்திரம் வைத்திருப்பவரிடம் பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்து, கூலி தந்து, வேலையை முடித்து வாங்கி வருவார். ஜாப் ஒர்க் என்று அதற்குப் பெயர். பணம் இருந்தால் முறை கிடைக்கும். அறிவியலிலும் இந்நிலைதான், எந்தக் கல்லூரியும் தனக்கென ஒரு பெரிய தொலைநோக்கியோ துகள் முடுக்கியோ கட்டிக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பெரும்பாலும் கூலி கிடையாது. தில்லியில் 1984ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவால் தொடங்கப்பெற்று, இன்று பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் என வழங்கும் நிலையத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர் கட்டணமின்றியே அயனிக் கற்றையைப் பெறலாம். பணம் அளவுகோலாக இல்லாத இடத்தில் வேறோர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதே துறையில் உழைக்கும் பிற அறிஞர்கள் விண்ணப்பத்தைப் படித்து மதிப்பிடுவதே அவ்வளவுகோல்.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அம்பத்தூர், ஆவடி நிலையங்களைக் கடந்து செல்லும் மேற்கு இருப்புப் பாதையிலேயே சென்று வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலை ஏறினால் காவலூர் என்னும் சிற்றூர் வரும். சந்தன மரக் காட்டிடையே அமைந்த அவ்வூரில் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. வேணு பாப்பு என்னும் வானியலறிஞர் 1960களின் பிற்பகுதியில் தேர்ந்தெடுத்த இடம் அது. 1972இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கு இயங்கத் தொடங்கிற்று. பின்னர் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி பெரும்பாலும் நம் நாட்டு உழைப்பிலேயே உருவாகி, 1986 சனவரியில் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதனைக் காண பாப்பு இல்லை. அவர் 1982இலேயே மறைந்துவிட்டார். தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஓர் இரவின் அருமை என்ன என்பதற்கு அம்மலையிலேயே சான்று உண்டு. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனசு என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. கோள் மறைப்பதற்கு முன்பும் பின்பும் அவ்விண்மீன் சிலமுறை மங்கி மீண்டது. கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது அவ்வாறே வெளிப்பட்டது. அமெரிக்கர் வானூர்தியில் பறந்தவாறு அதனைக் கண்டனர். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அந்நிகழ்ச்சி பதிவாயிற்று. அந்த இரவில் அத்தொலைநோக்கி வேறொருவருடைய வேறொரு விண்மீனை நோக்கித் திரும்பியிருந்தால் அப்பதிவு நமக்கு இல்லை. மறுநாள் போய்ப் பார்க்கலாம் என்றால் வானம் காத்திராது.

ஆண்டுக்கு 365 இரவுகள் என்று கணக்கிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காவலூர் வானம் மூடிக்கொள்ளும். எஞ்சிய இரவுகளிலும் மங்கலான அண்டங்களைக் காண விரும்புவோர் அமாவாசையை ஒட்டிய இருள் இரவுகளையே கேட்பர். நிலவொளியில் அவை தெரியா. ஒளி மிக்க விண்மீன்களை ஆராய்வோர் பௌர்ணமியை ஒட்டிய நாள்களை ஏற்றுக்கொள்ளலாம். ஆகவே போட்டி முழு ஆண்டுக்கன்று, குறிப்பிட்ட சில இரவுகளுக்கே. இப்போட்டியைத் தீர்க்க அமைவதே நேர ஒதுக்கீட்டுக் குழு. 'ஒதுக்கீடு' என்றதும் நம்மவர் செவி கூர்மையடைவது இயல்பு. இது அவ்வொதுக்கீடு அன்று. இதில் வகுப்புக்கு இத்தனை விழுக்காடு என்னும் கணக்குக் கிடையாது. அதனாலேயே இதனை நாம் கூர்ந்து நோக்க வேண்டியிருக்கிறது.

இலடாக்கின் ஆன்லேயில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், இதே நிறுவனத்தார் இரண்டு மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவியுள்ளனர். பெங்களூரை அடுத்த ஒசக்கோட்டையில் அமர்ந்தவாறே செயற்கைக்கோள் வழியாக அதனை இயக்குகின்றனர். அதற்கு நான்கு மாதங்களுக்கு ஒருமுறை விண்ணப்பம் கோருவர். புனேவுக்கு வடக்கே கோடாடு என்னும் ஊரில் கோவிந்த் சுவரூப் என்னும் பெருந்தகையின் முயற்சியால் எழுந்த மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்ப் பரப்பில் நிற்கின்றன. உதகையில் 1970இல் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியை அமைத்தவரும் அவரே. கோடாட்டுக் கருவிக்கு ஆண்டுக்கு இருமுறை உலகின் எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். இருக்கும் நேரத்தைவிட இருமடங்குக்கும் மேலாகக் கேட்பது அங்கு வழக்கமாகிவிட்டது.

விண்ணப்பம் நடந்து செல்லும் வழியைச் சொல்வோம். ஆய்வாளர் சில பக்கங்களில் தம் கேள்வியை எழுதுகிறார். எந்த வான்பொருள், எந்த அலைவரிசை, எத்தனை மணி நேரம், அத்தனை மணி ஏன் வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டுகிறார். முன்பு பெற்ற நேரத்தைக் கொண்டு என்ன செய்தார் என்பதையும் கூற வேண்டும். கருவியின் பொறியாளரும் அலுவலரும் 'இது நடக்கக் கூடியதா?' என்று மட்டும் பார்க்கின்றனர். அவ்வலைவரிசையில் இரைச்சல் மிகுதியா, அப்பொருள் அம்மாதங்களில் அடிவானத்திற்கு மேல் வருமா, இதே பதிவு களஞ்சியத்தில் முன்பே இருக்கிறதா என்பன அவர்கள் கேட்பவை. பிறகு அத்துறை அறிஞர் சிலரிடம் விண்ணப்பம் செல்கிறது. அவர்கள் தனித்தனியே படித்துத் தரமிட்டுக் குறிப்பெழுதுகின்றனர். முடிவில் குழு கூடி, குறிப்புகளை அடுக்கி, தரவரிசைப்படுத்தி, மணிகளைப் பங்கிடுகிறது. ஒரு விண்ணப்பத்தில் தம் கூட்டாளியின் பெயரோ மாணவரின் பெயரோ இருந்தால், அவ்வுறுப்பினர் அப்போது வெளியேறிவிட வேண்டும் என்பது எங்கும் ஏற்கப்பட்ட நெறி. நாற்பது மணி கேட்டவருக்கு இருபது மணி கிடைப்பதும் உண்டு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குறிப்பு விண்ணப்பித்தவருக்கு அனுப்பப்படும்.

ஆசிரியர்களாகிய நாங்கள் பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஆண்டுதோறும் அமர்ந்து பழகியவர்கள். அங்கே விடைக்குறிப்பு அச்சிட்டு மேசைமேல் இருக்கும். உதவித் தேர்வாளர் திருத்துவார், முதன்மைத் தேர்வாளர் சரிபார்ப்பார். எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்பதில் ஐயம் வந்தால் குறிப்பைப் புரட்டலாம். ஆராய்ச்சி விண்ணப்பத்திற்கு விடைக்குறிப்பு கிடையாது. விடை எவருக்கும் தெரியாததால்தான் அது ஆராய்ச்சி. ஆகவே மதிப்பிடுவோர் விடையை விட்டுவிட்டுக் கேள்வியைத் திருத்துகின்றனர். இக்கேள்வி கேட்கத் தக்கதா? விடை ஆம் என்றாலும் இல்லை என்றாலும் ஏதேனும் கற்போமா? இக்கருவியால்தான் இதற்கு விடை காண முடியுமா, சிறிய கருவி போதாதா? கேட்ட மணி நேரம் சரியான கணக்கா? கேட்பவரால் செய்து முடிக்க இயலுமா? இவற்றுள் இறுதிக் கேள்விதான் நமக்கு வினையாக வருவது. அது விண்ணப்பத்தைவிட்டு விண்ணப்பித்தவரை நோக்கித் திரும்பும் கேள்வி.

நம் பள்ளியில் படித்து, அரசுக் கல்லூரியில் இயற்பியல் முடித்து, ஆராய்ச்சியில் சேர்ந்த மாணவி ஒருவர் உண்டு. தந்தை ஆவடிப் பக்கத்தில் கொத்து வேலை செய்பவர். பெயர் வேண்டா, அவர் விரும்பமாட்டார். ஒரு கருவிக்கு அவர் அனுப்பிய முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. குறிப்புகளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஒரு மதிப்பீட்டாளர், கேட்ட மணி நேரத்திற்குக் கணக்கு காட்டப்படவில்லை என்று எழுதியிருந்தார். மற்றொருவர், இந்நிறுவனத்தில் இத்தகைய ஆய்வு நடந்த வரலாறு இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார். இரண்டையும் ஒன்றாகவே கருதி அம்மாணவி கலங்கினார். நாமோ வானியல் அறியாத பள்ளி ஆசிரியர். எனினும் இரண்டும் ஒன்றல்ல என்பது நமக்குப் புரிந்தது. முன்னது குறை, திருத்திக்கொள்ளலாம். பின்னது அவர் எழுதிய கேள்வியைப் பற்றிய சொல்லே அன்று. அவர் எந்தக் கட்டடத்தில் அமர்ந்து எழுதினார் என்பதைப் பற்றியது. வரலாறு இல்லாதவர்க்கு நேரம் தரமாட்டோம் என்றால், நேரம் இல்லாதவர்க்கு வரலாறு எங்கிருந்து வரும்? கிணற்றில் இறங்காதே, முதலில் நீந்தக் கற்றுக்கொள் என்பது போன்ற நீதி இது.

அவர் அடுத்த முறை கணக்கைத் திருத்தமாக எழுதி அனுப்பினார். அந்த வரலாற்று வரிக்கு மறுமொழியாக, களஞ்சியத்திலிருந்து பழைய பதிவு ஒன்றை எடுத்துத் தாமே ஆராய்ந்து வரைந்த படம் ஒன்றையும் சேர்த்தார். கேட்டதில் பாதிக்கும் குறைவான நேரம் கிடைத்தது. அதுவும் நடு இரவில் அன்று, விடியற்காலையில். போய் வந்தார்.

பெயரும் நிறுவனமும் மதிப்பீட்டைச் சாய்க்கின்றன என்பது நம் மனக்குறை மட்டும் அன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தாரின் அபிள் தொலைநோக்கிக்கு வந்த விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளுக்கு ஆராய்ந்து பார்த்தனர். பெண்கள் தலைமையில் வந்தவற்றின் வெற்றி விழுக்காடு, ஆண்கள் தலைமையில் வந்தவற்றைவிடத் தொடர்ந்து குறைவாகவே இருந்தது. ஒவ்வோராண்டும் வேறுபாடு சிறிதுதான். ஆனால் எல்லா ஆண்டும் ஒரே பக்கம் சாய்ந்தது. தராசின் முள் ஒருநாள் தவறினால் தற்செயல், நாள்தோறும் ஒரே பக்கம் தவறினால் தட்டிலே கோளாறு. முதலில் பெயரை முகப்பிலிருந்து உள்ளே தள்ளினர், முதற்பெயரை எழுத்தாகச் சுருக்கினர், பயனில்லை. 2018ஆம் ஆண்டில் பெயர், நிறுவனம் அனைத்தையும் அடியோடு மறைத்தனர். மதிப்பிடுபவர் யாரெனக் கேட்பவர் அறியார்; கேட்பவர் யாரென மதிப்பிடுபவரும் அறியார். கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் பிரியம்வதா நடராஜன் இம்மாற்றத்தை வற்புறுத்தியோருள் ஒருவர். அம்முறை வந்த 489 விண்ணப்பங்களுள் பெண்கள் தலைமையில் வந்தவை 8.7 விழுக்காடும் ஆண்கள் தலைமையில் வந்தவை 8 விழுக்காடும் வெற்றி பெற்றன. ஓராண்டின் எண்ணை வைத்துப் பெரிதாகப் பேசக் கூடாதுதான். எனினும் முள் முதன்முறையாக மறுபக்கம் அசைந்தது. அதுவரை நேரமே பெற்றிராத புதியவர்கள் கூடுதலாக உள்ளே வந்தனர் என்பதும் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் அவ்விண்வெளி நிறுவனம் தன் பிற வானியல் திட்டங்களுக்கும் இம்முறையை விரிவாக்கியது.

அம்முறையில் நம்மைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. குழு கூடும் அறையில் ஒருவர் தனியே அமர்த்தப்படுகிறார். அவருக்கு விண்ணப்பத்தின் அறிவியலில் வேலையில்லை. 'இது இன்னார் எழுதியதுபோல் தோன்றுகிறது' என்று எவரேனும் பேச்சைத் தொடங்கினால் உடனே நிறுத்துவதே அவர் வேலை. தரவரிசை முடிந்த பின்னரே ஆய்வாளரின் தகுதிக் குறிப்பு திறக்கப்படும். செய்து முடிக்க இயலாதவர் என்றால் மட்டும் அப்போது விலக்கலாம். 'இவரால் இயலுமா' என்ற கேள்வி நீங்கிவிடவில்லை. முதலில் நின்றது கடைசிக்குப் போயிற்று. வரிசையில் எந்தக் கேள்வி முதலில் நிற்கிறது என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! பெயரை மறைத்தாலும் ஊகிக்கலாமே என்பர் சிலர். ஊகிக்கலாம்தான். விடைத்தாளில் எண் மறைந்திருந்தாலும் கையெழுத்தையும் சொல்நடையையும் கண்டு எந்தப் பக்கத்துப் பள்ளி என்று ஊகிக்கும் தேர்வாளர் உண்டு. ஆனால் ஊகம் வேறு, தாளின் தலைப்பிலேயே அச்சிட்டு வைத்திருப்பது வேறு.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப்பின் சாதிப் பட்டம் சேர்ப்பதை விட்டொழித்தோம். தந்தை பெயரின் முதலெழுத்தே நம் அடையாளம். இது பெருமைக்குரியதே. வடபுலத்துக் குழுவில் சாதிப் பட்டம் இல்லாத பெயரைக் கண்டால் அதுவே ஒரு கேள்வியை எழுப்பலாம் என்பதையும் மறக்கலாகாது. பெயர் பேசாவிட்டாலும் கல்லூரியின் பெயர் பேசும். தில்லி முடுக்கி மையத்தில் விண்ணப்பித்தவர் குழுவின்முன் நேரில் நின்று விளக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்பதை ஒப்புகிறோம். கேள்விக்கு அங்கேயே மறுமொழி கூறலாம், தவறான புரிதலை அங்கேயே நீக்கலாம். ஆனால் ஆங்கிலம் தயங்கித் தயங்கி வரும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் எத்தகையது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். முதற்கட்டத்தில் பெயரின்றித் தரமிட்டு, பின்னரே நேரில் அழைப்பது நன்றாக இருக்கும் என்பது நம் கருத்து.

மதிப்பீடு முற்றிலும் அறிவின் தீர்ப்பு என்றும் எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு வந்த 150 விண்ணப்பங்களை வேறொரு குழுவினரிடம் மீண்டும் கொடுத்துப் பார்த்தனர். முடிவை 1981இல் வெளியிட்டனர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விண்ணப்பங்களின் தலையெழுத்து மாறிவிடக் கூடியதாக இருந்தது. விண்ணப்பத்தின் தகுதியோடு, அது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்னும் வாய்ப்பும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பதே அவர்கள் கண்டது. இதனால்தான் செருமனியின் வோல்க்ஸ்வாகன் அறக்கட்டளை 2017 முதல் ஒரு திட்டத்தில், தகுதியுடையவை என்று தேர்ந்தவற்றுக்கிடையே சீட்டுக் குலுக்கியும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. நம் ஏலச்சீட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். சிலி நாட்டுப் பாலைவனத்தில் 66 அலைவாங்கிகளோடு நிற்கும் அல்மா தொலைநோக்கியில் 2021 முதல் வேறொரு வழி. விண்ணப்பிப்பவரே பிறருடைய பத்து விண்ணப்பங்களை மதிப்பிட்டுத் தரவேண்டும். தராவிட்டால் அவருடையதும் தள்ளுபடியாகும்.

குழுக்கள் பெரும்பாலும் பாதுகாப்பான கேள்வியையே விரும்பும் என்ற குறையும் உண்டு. அபிள் தொலைநோக்கியின் இயக்குநராக இருந்த இராபர்ட் வில்லியம்சு, 1995 திசம்பரில் தமக்கென விடப்பட்ட நேரத்திலிருந்து பத்து நாள்களை எடுத்து, ஒன்றுமே இல்லாததாகத் தோன்றிய ஒரு சிறு வான்பகுதியை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினார். வெற்றிடத்தைப் பார்ப்பது வீண் என்று பெரியோர் சிலர் தடுத்தனர். அச்சிறு துணுக்கில் ஏறத்தாழ 3,000 அண்டங்கள் தெரிந்தன. எல்லாவற்றையும் குழுவின் தரவரிசைக்கே விட்டுவிடாமல், சிறிது நேரத்தை இயக்குநர் கையில் விட்டுவைக்கும் வழக்கம் நம் நாட்டுக் கருவிகளிலும் உண்டு. அது நன்றே. ஆனால் இயக்குநரை அணுகிப் பேசும் துணிவு யாருக்கு வரும் என்பதும் அங்கே எழும் கேள்வி.

கருவி இல்லாமையின் வலியை அறிந்த மேதை ஒருவர் நம் நாட்டில் இருந்தார். டாக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில் 1893இல் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத சாகா. கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் சாதியின் பெயரால் உடனிருந்து உண்ண மறுக்கப்பட்டவர். 1917இல் அவர் எழுதிய கட்டுரையை அமெரிக்க இதழ் ஒன்று ஏற்றும், அச்சுச் செலவில் ஒரு பகுதியைக் கேட்டது. கொடுக்க அவரிடம் பணமில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அதிகம் அறியப்படாத இதழில் அது வந்தது. 1920இல் விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் அயனியாக்கச் சமன்பாட்டை அவர் அளித்தார். ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் ருபீடியம் காணப்பட வேண்டும் என்று அவர் கூறியதைத் தேடிச் சரிபார்க்கத் தொலைநோக்கி அவரிடம் இல்லை. அது அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் இருந்தது. அங்கிருந்த பதிவுகளில் அதனைக் கண்டவர் இரசல் என்னும் அறிஞர்.

'பொது' என்னும் சொல்லைப் பற்றி நமக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டா. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் பொது வழியும் பொதுக் கிணறும் ஆதிதிராவிடர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே ஆண்டு மகாடு நகராட்சி தன் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. ஆயினும் 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று நீரை அள்ளும்வரை அக்குளம் ஏட்டில்தான் பொதுவாக இருந்தது. தொலைநோக்கிகளின் அறிவிப்பிலும் எவரும் விண்ணப்பிக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. பொய்யன்று. அங்கே நம்மைத் தடுத்து நிறுத்துவார் எவருமில்லை. நாம் போவதில்லை என்பதே அங்குள்ள நிலை. நம் சுற்றுப்புறக் கல்லூரி ஒன்றில் முதுகலை இயற்பியல் மாணவர்களிடம் பேசியபோது, காவலூருக்கு விண்ணப்பிக்கும் முறை ஒன்று இருப்பதையே ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. பெயரை மறைக்கும் முறை, விண்ணப்பித்தவரைக் காக்கும். விண்ணப்பிக்காதவரை அதனால் என்ன செய்ய முடியும்?

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆய்வாளர்களுக்கென அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் ஒரு தனி நிதித் திட்டத்தை நடத்திற்று. அவ்வாரியம் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் அடங்கிவிட்டது. இத்தகைய திட்டங்கள் பணம் தரும். தொலைநோக்கி நேரம் தருவதில்லை. அது தனி விண்ணப்பம்.

ஆகவே இளைஞர்களுக்குச் சில செய்திகள். கோடாட்டுத் தொலைநோக்கியில் ஒருவர் பெற்ற பதிவு ஒன்றரை ஆண்டுக்குப்பின் களஞ்சியத்தில் எல்லார்க்கும் திறந்துவிடப்படும். அதைப் பெற எந்தக் குழுவின் முன்னும் நிற்க வேண்டா. கணினியும் பொறுமையும் போதும். அம்மாணவி வரைந்த படம் அத்தகைய களஞ்சியத்திலிருந்து வந்ததே. வேதியியல், உயிரியல் படிப்போர் தம் மாதிரிப் பொருளைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நுண்கருவி மையத்திற்கு அனுப்பிச் சோதிக்கலாம். அங்கே சிறு கட்டணம் உண்டு. கிண்டிக்குப் போக நமக்கு இரண்டு பேருந்துதான். திரும்பி வந்த விண்ணப்பத்தின் குறிப்பைக் கிழித்தெறியாதீர்கள். கணக்கைப் பற்றிய வரியையும் கட்டடத்தைப் பற்றிய வரியையும் தனித்தனியே கோடிட்டு வையுங்கள்.

நம் பள்ளியில் நல்ல நுண்ணோக்கி ஒன்றே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். சென்ற ஆண்டு ஒன்று செய்து பார்த்தோம். யார் நுண்ணோக்கியைக் கூடுதல் நேரம் பயன்படுத்த விரும்புகிறாரோ அவர் அரைப்பக்கம் எழுதித் தரவேண்டும்: என்ன பார்க்கப் போகிறாய், எவ்வளவு நேரம், ஏன்? பெயரை மடித்து ஒட்டி, வேறு பிரிவுப் பிள்ளைகளிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னோம். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பையன் 'அறிவியலை அறிந்துகொள்ள' என்று எழுதியிருந்தான். அவனுக்கு எட்டாம் இடம். முதலிடம் பெற்ற தாளில், கொரட்டூர் ஏரி நீரும் அம்பத்தூர் ஏரி நீரும் ஒரே மாதிரி நாறுகின்றன, ஆனால் ஒன்றில் மட்டும் கொசுப் புழு இருக்கிறது, ஏன் என்று பார்க்க வேண்டும், இருபது நிமிடம் போதும் என்றிருந்தது. ஒட்டிய தாளைப் பிரித்தபோது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. முதல் மதிப்பெண் பையனின் தந்தையார் மறுநாள் வந்து நம்மைக் கேள்வி கேட்டார் என்பது வேறு கதை.

சங்கத்தின் செயற்குழுவினர்க்கு இரண்டு வேண்டுகோள். இரவுப் பாடசாலையின் மேல்வகுப்புக்கு வாரம் ஒரு மாலை இத்தகைய அரைப்பக்க எழுத்துப் பயிற்சி வைக்க வேண்டும். திருத்துவது ஆசிரியர் அல்லர், மாணவரே. பெயர் மடித்து ஒட்டப்பட வேண்டும். மற்றொன்று, மழை ஓய்ந்து வானம் தெளியும் தை, மாசியில் ஒரு குழுவைக் காவலூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பொதுமக்கள் பார்வைக்கு என்று அங்கே வழியுண்டு. முன்னரே எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். பயணச் செலவில் ஆசிரியர்கள் பங்கை நாங்கள் ஏற்கிறோம். விருப்பமுள்ள இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் பெயர் கொடுக்கலாம்.